வேலூர் பக்கம் நிலம் ஏன் அதிர்ந்தது, துருக்கி போல இங்கேயும் வருமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 கடைசியில் எங்கள் ஊரில் பல தடவை நிலம் அதிர்ந்தது, வெடி வைத்தது போலச் சத்தம் கேட்டது, வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது. பூமித்தட்டுகளின் ஓரத்தில்தான் நிலநடுக்கம் வரும், நாம் தட்டின் நடுவில் இருக்கிறோம், பயமில்லை என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? துருக்கியில் வந்தது போல இங்கேயும் வருமா? வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்கலாமா? மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரு கேள்விதான். நடு, நடு என்கிறார்களே, அந்த நடு எவ்வளவு பத்திரம்?

நான் ஜியாலஜி படித்துவிட்டு, பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவன். நிலநடுக்கம் என் தனித்துறை இல்லை. ஆனால் இந்த மாவட்டத்துக் கல்லும் அதிலுள்ள பிளவுகளும் எனக்கு நன்றாகப் பழக்கம். வீடு கட்டுவது பற்றிச் சொல்வதைப் பொதுவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டட அமைப்புப் பொறியாளர் இருக்கிறார்.

முதலில் ஓரங்களைப் பார்த்துவிடலாம். தட்டு நகர்வது வேறு, நிலம் நடுங்குவது வேறு. நாம் இருக்கும் இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவர் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும்போது அவர் பிறந்த வீடு, தெரு, கோட்டை, பாலாறு எல்லாம் சேர்ந்து 3 மீட்டர் நகர்ந்திருக்கும். அந்த நகர்வு நமக்குத் தெரிவதே இல்லை. தட்டின் ஓரத்தில் இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றோடொன்று இறுகி, நகர மறுக்கும்போதுதான் சிக்கல். பழைய மரக்கதவு மழைக்காலத்தில் ஊறி நிலையோடு இறுகிப்போகும் இல்லையா? தள்ளத் தள்ள அசையாது, நடுவில் லேசாக வளையும், பிறகு ஒரேயடியாகப் படாரென்று திறக்கும். நில அதிர்வு அந்தப் படார். பல வருட நகர்வு பாறையின் வளைவாகச் சேர்ந்து, சில விநாடியில் தீர்ந்துபோகிறது. 1906 ஏப்ரல் 18 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, பிளவின் குறுக்கே நேராக ஓடிய ஒரு வேலி இரண்டு துண்டாகி எட்டடிக்கு மேல் தள்ளி நின்றது. அப்படிப்பட்ட அளவுகளை வைத்துத்தான் ஹாரி ரீட் என்ற அமெரிக்கர் இந்த விளக்கத்தை 1910-இல் எழுதினார். இன்றுவரை அடிப்படை அதுதான்.

எப்படி இறுகுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். சுமத்ராவில் நம் தட்டின் கிழக்கு ஓரம் இன்னொரு தட்டின் அடியில் சாய்வாக இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சற்று முன், அந்தச் சாய்வுப் பரப்பு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு வழுக்கியது. காட்பாடியிலிருந்து வரைபடத்தில் நேர்கோடு போட்டால் போபாலையும் தாண்டிப் போய்விடும் நீளம் அது. பாறை சில இடங்களில் 15 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. சாய்வான பரப்பில் மேல் பாறை நகரும்போது கடலடி சட்டென்று தூக்கப்படுகிறது. அதன் மேல் நிற்கும் தண்ணீர் மொத்தமும் உயர்ந்து நாலாபக்கமும் ஓடுகிறது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அந்த நீர்தான் நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்தது. எல்லா நாடுகளிலும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் உயிர் போனது. 2011 மார்ச் 11 ஜப்பானிலும் இதே அமைப்புதான். பசிபிக் தட்டு அங்கே வருடத்துக்கு 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது, கடலடிப் பள்ளத்தின் ஓரத்தில் வழுக்கல் 50 மீட்டரை ஒட்டியது. உலகில் கருவியில் பதிவானதிலேயே பெரியது 1960-இல் சிலி நாட்டில் வந்த 9.5 அளவு நிலநடுக்கம். அதுவும் இந்த வகைதான். இப்படிச் சாய்வாக இறங்கும் ஓரங்களில்தான் 9-க்கு மேல் போகும். காரணம், இறுகிக் கிடக்கும் பரப்பு அங்கேதான் அவ்வளவு அகலம், அவ்வளவு நீளம்.

துருக்கி வேறு மாதிரி. அங்கே அரேபியத் தட்டு வடக்கே முட்டுகிறது, அனத்தோலியத் தட்டு மேற்கே பிதுங்குகிறது. இரண்டும் பக்கம் பக்கமாக உரசிக்கொண்டு போகும் கோடுதான் கிழக்கு அனத்தோலியப் பிளவு. 2023 பிப்ரவரி 6 விடியற்காலை அந்தக் கோடு 300 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. வேலூரிலிருந்து மதுரைவரை வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும். அளவு 7.8. அன்றே மதியம் பக்கத்துப் பிளவில் இன்னொரு 7.5. ஐம்பதாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். நேராகக் கிடந்த தண்டவாளம் பாம்பு போல வளைந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச் 28 மியான்மரில் சகாயிங் பிளவு நகர்ந்ததும் இதே உரசல்தான். அங்கே ஒரு கண்காணிப்பு கேமராவில் நிலமே வழுக்கிப் போவது பதிவாகிவிட்டது. இரண்டரை மீட்டர், ஒரு விநாடிக்குச் சற்று அதிக நேரத்தில். இத்தனை வருடம் பாறையில் கிடக்கும் தழும்பை வைத்து ஊகித்ததை அன்று கண்ணால் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், கை நடுங்கியது.

மூன்றாவது, இமயமலை. நம் தட்டு ஆசியாவோடு மோதுகிற இடம். இரண்டு பக்கமும் கனமில்லாத கண்டப் பாறை என்பதால் எதுவும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை, மடிந்து மேலே எழுகிறது. வருடம் 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டரை இமயமலைதான் வாங்கிக்கொள்கிறது. 1905 காங்க்ரா, 1934 பீகார்–நேபாளம், 1950 அஸ்ஸாம், 2015 நேபாளம் எல்லாம் அந்தக் கடன் தீர்ந்த நாட்கள். 2015-இல் காத்மாண்டு நகரம் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றரை மீட்டர் தெற்கே வந்தது.

சரி, இனி நம் ஊர். வடக்கே மோதுகிற தட்டும் நாமும் ஒரே கல். முன்னால் முட்டினால் பின்னாலும் அழுத்தம் வரும். வண்டி மாடு மேட்டில் நின்றுவிட்டால் நுகத்தடி மட்டுமா முறுகும், அச்சும் சேர்ந்துதான் முறுகும். தீபகற்பம் முழுக்க அந்த அழுத்தம் பாறைக்குள் இருக்கிறது. நமக்கு அது கண்ணில் படாததற்குக் காரணம், இந்தப் பாறை மிகப் பழையது, மிக உறுதியானது. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ஜவ்வாது மலைப் பக்கம் நாம் பார்க்கும் சார்னோகைட்டும் நைஸ் பாறையும் சுமார் 250 கோடி வருடத்துக்கு முந்தியவை. அவ்வளவு வயதில் அதில் எத்தனையோ பிளவுகள் விழுந்து, மூடி, மறுபடி விழுந்திருக்கின்றன. நடு என்று நாம் சொல்வது தழும்பே இல்லாத கல் என்ற பொருளில் இல்லை. பழைய தழும்புகள் உள்ள, ஓரத்தைவிட மிக மெதுவாக அழுத்தம் சேருகிற கல்.

என் மேசையில் ஒரு துண்டுக் கல் இருக்கிறது. பேர்ணாம்பட்டுக்கு மேற்கே ஒரு கிணறு வெட்டும்போது 40 அடிக்குக் கீழே கிடைத்தது. ஒரு பக்கம் சாதாரணக் கல். மறுபக்கம் கண்ணாடி போல வழவழப்பு, அதன் மேல் மெல்லிய பச்சைப் பூச்சு, எல்லாம் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கீறல்கள். விரலை ஒரு பக்கமாக ஓட்டினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் ஓட்டினால் தட்டுப்படும். ஒரு காலத்தில் இந்தக் கல் எதிலோ உரசி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அந்தத் தட்டுப்பாடு சொல்லிவிடும். போர் போடும்போதும் இதே பிளவுகளைத்தான் நாங்கள் தேடுவோம். 500 அடிவரை வெறும் கல்மாவு புகையாகப் பறக்கும், திடீரென்று மாவு ஈரமாகும், தண்ணீர் பீறிடும். நம் ஊரில் தண்ணீர் இருக்கும் இடமே அந்தப் பிளவுகள்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அழுத்தம் கல்லுக்குள் இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் போல என் அப்பாவும் கோலார் தங்கவயலில் வேலைக்குப் போனவர். அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. அந்த ஆழத்தில் கல்லை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கினால் சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் தானாகத் தெறிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே லைன் வீட்டில் இருக்கும் எங்களுக்கு முதலில் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்கும். அப்புறம் தரை வழியாக ஒரு உறுமல். அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள், ஒன்றும் பேசமாட்டாள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். நம் பக்கத்து நில அதிர்வும் அதே குடும்பம்தான். சுரங்கத்தில் மனிதன் வெட்டியதால் தெறித்தது, இங்கே பழைய பிளவு தானாகக் கொஞ்சம் வழுக்கியது.

2021 நவம்பர் 29 விடியற்காலை நாலேகால் மணி வாக்கில் வந்தது 3.6. வேலூருக்கு மேற்கு, தென்மேற்கே சுமார் 59 கிலோமீட்டரில் மையம் என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. டிசம்பர் 23 மதியம் 3.5. இவற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது? இவை உண்மையான நில அதிர்வுகள், கல்குவாரி வெடி இல்லை. விடியற்காலை நாலேகாலுக்கு யாரும் குவாரியில் வெடி வைப்பதில்லை. மேலும் வெடியின் அலையும் பிளவு வழுக்கும் அலையும் கருவியில் வேறு வேறு மாதிரி விழும். வெடிச்சத்தம் கேட்டதற்கும் காரணம் உண்டு. அதிர்வு ஆழமில்லாமல் இருந்து, மேலேயும் கெட்டிப் பாறையாக இருந்தால், வேகமான அலைகள் தேயாமல் தரைக்கு வந்து காற்றைத் தட்டும். அது நமக்கு வெடியாகக் கேட்கும். ஆனால் ஆழம் இத்தனை கிலோமீட்டர் என்று வெளியாகும் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் கருவி நிலையம் இல்லாவிட்டால் அந்தக் கணக்கில்தான் பிழை அதிகம்.

அடுத்தது, உறுதி என்று சொல்ல முடியாவிட்டாலும் நான் நம்புகிற காரணம்: மழை. அந்த நவம்பரில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வருடக்கணக்கில் மணலாகக் கிடந்த பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது, ஏரிகள் எல்லாம் கோடி போயின. அந்தத் தண்ணீர் நான் மேலே சொன்ன பிளவுகளின் வழியே கீழே இறங்கும்போது பிளவின் இரண்டு முகங்களுக்கும் நடுவே நின்று அழுத்துகிறது. இறுகிப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. ஏற்கெனவே வழுக்கும் நிலையில் இருந்த பிளவு என்றால், அது போதும். தண்ணீர் புதிதாகச் சக்தி கொடுப்பதில்லை, தட்டு சேர்த்து வைத்ததை விடுவிக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 1962-இல் அணை நீர் தேக்கத் தொடங்கினார்கள், 1967 டிசம்பரில் 6.3 வந்தது. இன்றைக்கும் அங்கே மழைக்காலத்துக்குப் பின் அதிர்வு கூடுகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணற்றுக் கழிவு நீரை ஆழத்தில் செலுத்தியதால் 2016-இல் 5.8 வரை போனது. ஆகவே வழிமுறை நிரூபணமானது. நம் பக்கம் நடந்தது அதுதானா என்பது காலப் பொருத்தத்தை வைத்து நான் சொல்லும் கணிப்பு. எந்தப் பிளவு என்று ஒரு கோட்டைக் காட்டி யாராவது அடித்துச் சொன்னால் தயங்கி நம்புங்கள். பாலாறு நேராக ஓடுகிறது, அதனால் அடியில் பெரிய பிளவு என்று வரைபடத்தில் கோடு போடுவது சுலபம், அது இன்று உயிரோடு இருக்கிறதா என்று காட்டுவது கடினம்.

ஊருக்கு ஊர் ஆயிரம் அடி போர் போட்டதால்தான் நடுங்கியது என்றும் பலர் சொல்கிறார்கள். ஆயிரம் அடி என்பது 300 மீட்டர்தான், அதுவும் நாம் தண்ணீரை எடுக்கிறோம், அழுத்திச் செலுத்தவில்லை. ஸ்பெயினில் லோர்கா ஊரில் 2011-இல் வந்த 5.1-க்குப் பல்லாண்டு நீர் இறைத்ததே காரணம் என்று ஓர் ஆய்வு வாதாடியது உண்மை. அங்கே மண்படுகையில் நீர்மட்டம் 250 மீட்டர் இறங்கியிருந்தது. நம் கெட்டிப் பாறையில் அதற்கு ஈடான எடை குறைவு கிடையாது. போர் போடுவதைக் குறைக்கச் சொல்ல எனக்கு வேறு நூறு காரணம் இருக்கிறது, இதை அதில் சேர்க்கமாட்டேன்.

இப்போது துருக்கி. அளவில் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி சுமார் 32 மடங்கு. 3.6-க்கும் 7.8-க்கும் நடுவே கிட்டத்தட்ட 20 லட்சம் மடங்கு. 3.6-க்கு நகரும் பிளவு சில நூறு மீட்டர், 7.8-க்கு 300 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கு ஒரே கோடாக, வருடா வருடம் சென்டிமீட்டர் கணக்கில் நகரும் பிளவு நம் பக்கத்தில் இல்லை. அதனால் துருக்கி போன்றது இங்கே வராது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ஒன்றுமே வராது என்று சொல்லமாட்டேன். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் வந்தது 6-ஐ ஒட்டியது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலில் வந்த 5.5-ஐ நம்மில் பலர் உணர்ந்திருக்கிறோம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்தது 6.2. நிலநடுக்கமே வராத இடம் என்று நாங்களெல்லாம் பாடத்தில் படித்த இடம் அது. பத்தாயிரம் பேரை ஒட்டி இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு நடு என்ற சொல்லை நான் நிம்மதியாகப் பயன்படுத்தியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கில்லாரியிலும் முந்தைய வருடம் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. அதே மகாராஷ்டிரத்தில் பால்கர் பக்கம் 2018 நவம்பரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிற்றதிர்வுகள் வந்தும் பெரியது எதுவும் வரவில்லை. தீபகற்பத்தில் இப்படி மழைக்குப் பின் வந்து தானாக அடங்கியவையே மிக அதிகம். எது அடங்கும், எது பெரிதாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்று உலகில் யாரிடமும் இல்லை. சீனாவில் 1975-இல் ஹைசெங் நகரத்தை முன்னதிர்வுகளைப் பார்த்துக் காலி செய்து பலரைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடமே தாங்ஷானில் அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டு லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வருவதை அழித்துவிடுங்கள்.

கில்லாரியில் கொன்றது சுவர். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கருங்கல் சுவர், மேலே கனமான மண் கூரை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள். நம் கிராமங்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன, என் மனதை உறுத்துவது அதுதான். இன்னொன்று, அடிமண். 1985 செப்டம்பர் 19 மெக்சிகோ நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையோரம். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த மெக்சிகோ நகரத்தில்தான் கட்டடங்கள் பொலபொலவென்று விழுந்தன, ஏனென்றால் நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் மேல் நிற்கிறது. மெதுமண் அலையைப் பெரிதாக்கிவிடும். நம் ஊரிலும் ஏரி உள்வாயைத் தூர்த்து மனை போட்டு விற்கிறார்கள். மனை வாங்குகிறவர்கள் பழைய கிராம வரைபடத்தில் அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஒருமுறை பார்த்தால் நல்லது.

உங்கள் மாடிக்கு வருகிறேன். 2002-இல் திருத்திய வரைபடப்படி நம் பகுதி மூன்றாம் மண்டலம், மிதமான அபாயம். அந்த மண்டலத்துக்கான கட்டட விதி ஏற்கெனவே இருக்கிறது, பின்பற்றினால் செலவு கொஞ்சம்தான் கூடும். மாடி எடுக்கலாமா என்பது, உங்கள் வீடு தூணில் நிற்கிறதா, வெறும் செங்கல் சுவரில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. சுவரில் நிற்கும் வீடு என்றால் ஜன்னலுக்கு மேல் மட்டத்தில் லிண்டல் கான்கிரீட் சுற்றிலும் அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூண் என்றால் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை உள்பக்கமாக நன்றாக மடிந்திருக்க வேண்டும், செங்குத்தாக மடித்து விட்டால் குலுக்கலில் அவிழ்ந்துவிடும். கீழே சுவரே இல்லாமல் வண்டி நிறுத்த மட்டும் விட்டு, மேலே கனம் ஏற்றுவதைத் தவிருங்கள். கொத்தனார் எவ்வளவு அனுபவசாலி என்றாலும் இதை அவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

விரிசல் பற்றி நீங்கள் அனுப்பியிருந்த விவரத்தில் ஒன்று ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிறது என்று இருக்கிறது. அது அதிர்வாலும் வரும், மழையில் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினாலும் வரும். போட்டோ பார்த்து என்னால் பிரிக்க முடியாது. இன்றே ஒரு பென்சில் எடுத்து விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். நடுவில் விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லை சிமெண்டால் ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும் பாருங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருந்தாலோ சில்லு உடைந்திருந்தாலோ, அதன் மேல் ஒரு செங்கல்கூட ஏற்ற வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.